பவர்டேபிள் ஒப்பந்தம்: 90 நாள் பேமென்ட், டெபிட் நோட்டு. எதை மாற்றச் சொல்வது?

அங்கேரிபாளையம் பவர்டேபிள்:
வணக்கம். திருப்பூரில் 14 மெஷின் வைத்து பவர்டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட், நடத்துகிறேன். இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சுதான். கட்டிங் (வெட்டிய துணி) வரும், தைத்து அனுப்புவோம், கணக்குப் பார்த்துப் பணம் வாங்குவோம். இப்போது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி வருடம் முழுக்க ஆர்டர் தருவதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் ஆறு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. மகள் படித்துச் சொன்னாள். இரண்டு இடம் உறுத்துகிறது. பில் போட்டு 90 நாள் கழித்துத்தான் பணம். என் ஆட்களுக்கோ வாரக்கூலி. அடுத்தது, தரம் சரியில்லை என்று பில்லில் பணம் பிடிக்கக் கம்பெனி போடும் சீட்டான டெபிட் நோட்டே முடிவானது. எத்தனை நாளுக்குள், எவ்வளவு வரை என்று ஒரு வரிகூட இல்லை. ஆர்டரை விடவும் மனசில்லை. எப்படி மாற்றச் சொல்வது?

அவிநாசி கணக்கர்:
அண்ணா, முதலில் உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். ஆன்லைனில் இலவசம்.

2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. அந்த 90 சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், 45 என்றே திருத்தச் சொல்லுங்கள். பிறகு வழக்குப் பேசுவதைவிட இப்போது ஓர் எண்ணை மாற்றுவது சுலபம்.

நாள் எங்கிருந்து ஓடும் என்பதுதான் முக்கியம். சரக்கு டெலிவரி ஆன நாளிலிருந்து ஓடும். 15 நாளுக்குள் கம்பெனி எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், அதை நீங்கள் சரிசெய்த நாளிலிருந்து. ஆகவே டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) காப்பியில் தேதி, சீல், கையெழுத்து மூன்றும் வாங்காமல் வண்டி திரும்பக் கூடாது.

டெபிட் நோட்டு பற்றிய வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடச் சொல்லுங்கள்: “தரக் குறை இருந்தால் டெலிவரி ஆன 7 நாளுக்குள் டி.சி. எண், பீஸ் எண்ணிக்கை, குறை என்ன என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பீஸைத் திருப்பித் தந்து ஆல்டர் செய்ய வாய்ப்புத் தர வேண்டும். சரிசெய்ய முடியாத பீஸுக்கு மட்டும் பிடித்தம். அது அந்தப் பீஸின் துணி விலை, தையல் கூலிக்கு மேல் போகக் கூடாது.”

முன்னாள் கட்டிங் மாஸ்டர்:
ஏர் ஃபிரைட் பற்றி ஏதாவது இருக்கிறதா, மகளிடம் கேளுங்கள். கப்பல் தவறி விமானத்தில் அனுப்பினால் செலவு தையல்காரர் தலையில் என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும். உங்கள் ஒரு மாதக் கூலியையே அது விழுங்கிவிடும். கட்டிங், நூல், லேபிள் மூன்றில் எது தாமதமாக வந்தாலும் அத்தனை நாள் டெலிவரி தேதியில் கூடும் என்று கட்டாயம் எழுதுங்கள். லேபிள் வராமல் பண்டில் அடுக்கிக் கிடப்பது நம் ஊரில் தினமும் நடப்பது. அப்புறம், இரு தரப்பும் கையெழுத்திட்ட சாம்பிள் பீஸ் ஒன்றை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தையல் அகலமா, நூல் கலரா, எந்தச் சண்டை வந்தாலும் அதை எடுத்துக் காட்டலாம்.

அங்கேரிபாளையம் பவர்டேபிள்:
ரொம்ப நன்றிங்க. ஏர் ஃபிரைட் நாலாம் பக்கத்தில் இருக்கிறது, முழுச் செலவும் என் தலையில்தான். சட்டம் பேசினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுவார்களோ?

அவிநாசி கணக்கர்:
நீங்கள் சட்டம் பேச வேண்டாம், அவர்கள் ஆடிட்டர் பேசட்டும். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தால், குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் கொடுக்காமல் வருடக் கடைசியில் நிற்கும் பாக்கியை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். அதனால் 45 நாள் அவர்களுக்கும் நல்லதுதான். உத்யம் சான்றிதழ் நகலை அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு மெயிலில் அனுப்பி, “இதன்படி பேமென்ட் தேதியைத் திருத்தித் தாருங்கள்” என்று ஒரே வரி எழுதுங்கள். ஏர் ஃபிரைட்டை மட்டும் எம்.டி.யிடம் நேரில் பேசுங்கள். உங்களால் ஆன தாமதத்துக்கு மட்டும், அந்த ஆர்டர் கூலியில் இத்தனை சதவீதம் வரை என்று வரம்பு கேளுங்கள்.

பெருமாநல்லூர் வாசகர்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2024 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண ஒப்பந்தத்துக்கு 200 ரூபாய் முத்திரைத்தாள், முன்பு போல 20 ரூபாய்த் தாள் மட்டும் போதாது. ஆறு பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்து வேண்டும். ஒரு அசல் உங்களிடம் இருக்கட்டும்.