அம்மாவின் நுரையீரலும் லயத்துக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரையும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நுரையீரல் உறை தடித்து, அங்கங்கே சுண்ணாம்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. “கல்நார் ஆலையில் வேலை செய்தாரா?” என்று டாக்டர் கேட்டார். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆலை வாசலை மிதித்ததே இல்லை.

ஆனால் தோட்டம் கொடுத்த லயத்து (வரிசை) வீட்டுக்குக் கல்நார் தகடுதான் கூரை. பாசி பிடித்தால் அம்மாதான் ஏணி வைத்து ஏறிச் சுரண்டுவார். உடைந்த தகடுகள் கோழிக்கூண்டுக்குத் தடுப்பாகும். சும்மா கிடக்கும் தகட்டைவிட, சுரண்டும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் இழைதான் ஆபத்து. நோய் தலைகாட்ட 20, 40 வருடம்கூட ஆகுமாம். தென்னாப்பிரிக்காவில் கல்நார்ச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் சும்மா குடியிருந்தவர்களுக்கும் நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்ததை வாக்னர் என்ற மருத்துவர் 1960இலேயே எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

ஈப்போ பக்கம் இதில் அனுபவமுள்ள நுரையீரல் நிபுணர் யாரையாவது தெரியுமா? தோட்டத்து வீடு என்பதால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனு போட வழி உண்டா? உங்கள் லயத்திலும் யாருக்காவது இப்படி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், அந்தக் கூரையைத் தம்பி தானே பிரிக்கக் கிளம்பினான், தடுத்து வைத்திருக்கிறேன். பத்திரமாகக் கழற்றத் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.