பெயரில் சாய்வுக்கோடு, விரலில் ரேகை இல்லை, வீட்டில் 9 மல்லிகைச் சட்டி: திருச்சிப் பயணத்துக்கு உதவி தேவை

குண்டுமல்லி, சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசம் முடிந்த கையோடு அம்மாவை அழைத்துக்கொண்டு மலேசியாவிலிருந்து திருச்சிக்குப் போகிறேன். மொத்தம் 24 நாள். அம்மாவுக்கு 74 வயது, விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போதுதான் கைகூடியது.

டிக்கெட் எடுக்கும்போது இருந்த தைரியம் இப்போது இல்லை. இந்திய இ-விசா படிவத்தில் அம்மாவின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே போட்டேன். நடுவில் வரும் ஏ/பி-யை (மலாயில் 'இன்னாரின் மகள்' என்பதன் சுருக்கம்) பார்த்ததும் சிவப்பு எழுத்தில் திருப்பி அடிக்கிறது. கோட்டை எடுத்தால் 'கடவுச்சீட்டில் உள்ளபடி' என்ற விதி என்னாவது? அதோடு குடும்பப்பெயர் வேறு கேட்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப்பெயர்?

அடுத்தது விரல். அம்மா 31 வருஷம் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். வலது கட்டைவிரல் மழமழவென்று கூழாங்கல் மாதிரி இருக்கும். போன மாதம் வங்கியில் ஏழு தடவை வைத்துப் பார்த்தார்கள், ஏழு தடவையும் சிவப்பு விளக்கு. அங்கே குடிநுழைவில் விரல் கேட்பார்களாமே, படிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

மூன்றாவது, சிரிக்காதீர்கள், என் செடிகள். வாசலில் 9 சட்டி குண்டுமல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. போத்தல் மூடியில் ஓட்டை போட்டுக் கவிழ்த்துத் தொங்கவிடலாம் என்று காணொளியில் பார்த்து, போன சனிக்கிழமை செய்து பார்த்தேன். காலையில் நிரப்பிய ஒன்றரை லிட்டர் சாயங்காலத்துக்குள் காலி. 24 நாளுக்கு என்ன செய்வது?

அம்மாவுக்கு இன்சுலின் உண்டு. அதையும் எப்படிக் கொண்டுபோவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ அண்ணன்

தங்கச்சி, முதலில் பெயர். கடவுச்சீட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும், அம்புக்குறியாக நிறைந்து கிடக்கும். எந்திரம் படிப்பது அதைத்தான். அந்த வரியில் ஆங்கில எழுத்து, எண், அந்த அம்புக்குறி இவை மட்டும்தான் வரலாம். சாய்வுக்கோட்டுக்கு அங்கே இடமே கிடையாது. அதனால் கோட்டை எடுத்துவிட்டு எழுதுவது பொய் ஆகாது. அந்த இரண்டு வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே எழுத்துகளை அதே வரிசையில் போடுங்கள்.

குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். நட்சத்திரக் குறி 'கிவன் நேம்' கட்டத்துக்குத்தான் இருக்கும், முழுப் பெயரையும் அதிலேயே போடுங்கள். என் வீட்டுக்காரிக்கு அப்படித்தான் போட்டோம், நாலாவது நாள் வந்துவிட்டது. டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்கள்?

குண்டுமல்லி, சுங்கை சிப்புட்

டிக்கெட்டில் குடும்பப்பெயர் இல்லாமல் விடவே மாட்டேன் என்றது அண்ணே. தாத்தா பெயரை அங்கே போட்டுவிட்டேன். ஏ, பி இரண்டையும் கோடில்லாமல் சேர்த்து எழுதினேன். தப்பா?

ஈப்போ அண்ணன்

தப்பில்லை, நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் பறக்கிறோம். ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'கே' வர வேண்டிய இடத்தில் 'ஜி' வந்திருந்தால் இப்போதே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். கவுன்டரில் நின்றுகொண்டு சொல்லும் விஷயம் இல்லை அது.

இன்னொன்று. இ-விசாவுக்கு என்று கூகுளில் தேடினால் மேலே வருவதெல்லாம் தரகர்கள். இந்திய அரசின் பக்கம் 'கவ் டாட் இன்' என்று முடியும். 30 நாள் விசா என்றால் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும், குறைந்தது 4 நாள் முன்னதாகவாவது போட வேண்டும். கடவுச்சீட்டு அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து 6 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

குண்டுமல்லி, சுங்கை சிப்புட்

பெயர் ஏறிவிட்டது! இப்போது கடவுச்சீட்டுப் பக்கத்தை ஏற்றினால் மறுக்கிறது. கைப்பேசியில் தெளிவாகத்தான் எடுத்தேன்.

தாமான் கம்ப்யூட்டர் பையன்

தெளிவாக எடுத்ததுதான் அக்கா பிரச்சினை. கோப்பு 2 எம்பி இருக்கும். அவர்கள் கேட்பது பிடிஎஃப், 10 கேபிக்கு மேல் 300 கேபிக்குள். முகப்படம் வேறு கணக்கு: ஜேபெக், சதுரம், வெள்ளைப் பின்னணி, 1 எம்பிக்குள். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள். பிடிஎஃப்பைச் சுருக்கத் தெரியாவிட்டால் படம் எடுக்கும்போதே தரத்தைக் குறைத்து ஸ்கேன் பண்ணுங்கள்.

பிளக்கையும் சொல்லிவிடுகிறேன். அங்கே உருண்டைக் கால், நம் சதுரக் கால் நுழையாது. மின்னழுத்தம் ஒன்றுதான், அடாப்டர் போதும். பவர்பேங்க்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள்.

கோலகங்சார் தோட்டக்காரர்

பிள்ளைகள் எல்லாம் விசாவைப் பார்த்துக்கொண்டார்கள், நான் மல்லிகைக்கு வருகிறேன்.

போத்தலைத் தொங்கவிட்டால் அப்படித்தான் ஆகும். ஓட்டை வழியாகக் காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் போய்வரும், நிறுத்த ஆள் இல்லை. போத்தல் கழுத்தை மண்ணுக்குள் புதைத்தால் ஈர மண்ணே ஓட்டையை அடைத்துக்கொள்ளும், மண் காயும்போதுதான் தண்ணீர் இறங்கும். ஆனாலும் ஒன்றரை லிட்டர் எத்தனை நாள் வரும்? முழு வெயிலில் நிற்கும் மல்லிகைச் சட்டி நாளைக்கு அரை லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். 9 சட்டி, 24 நாள், 108 லிட்டர். போத்தலில் ஆகிற காரியமா?

முதலில் அதன் தாகத்தைக் குறையுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் கவாத்து பண்ணிவிடுங்கள். மனசு வராது, தெரியும். பாதி உயரத்துக்கு வெட்டுங்கள், இலை குறைந்தால் தண்ணீர்ச் செலவு குறையும். மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும், வெட்டியது வீண் போகாது. பிறகு ஒன்பதையும் காடி (கார்) நிறுத்தும் கூரைக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வையுங்கள். காலை வெயில் கொஞ்சம் பட்டால் போதும். இப்போது ஒரு சட்டிக்குக் கால் லிட்டர் கணக்கு. மூன்று சட்டிக்கு 24 நாளில் 18 லிட்டர். ஒரு பெயிண்ட் வாளி 20 லிட்டர் பிடிக்கும். ஆக மூன்று வாளி.

வாளிக்கும் சட்டிக்கும் திரி போடுங்கள். பருத்தித் துணியாக இருந்தால் நல்லது, தண்ணீரை நன்றாக ஏற்றும். பழைய கைலியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து முறுக்கி, முழுக்க நனைத்து, ஒரு முனையை வாளியின் அடி வரைக்கும் விடுங்கள், மறு முனையை வேருக்குப் பக்கத்தில் நான்கு விரல் ஆழம் புதையுங்கள். வாளியை ஒரு செங்கல் மேல் வையுங்கள். அதற்கு மேல் தூக்காதீர்கள், தண்ணீர் மட்டம் சட்டி மண்ணைவிட ரொம்ப உயர்ந்துவிட்டால் திரி சொட்டுச் சொட்டாக எல்லாவற்றையும் இறக்கிவிடும். ரொம்பத் தாழ்ந்தாலும் ஏறாது, ஒரு சாணுக்கு மேல் திரிக்குச் சக்தி இல்லை. மூன்று நாள் வீட்டில் இருக்கும்போதே வைத்துப் பாருங்கள்.

பக்கத்துத் தாமான்காரி

ஐயா சொன்ன வாளிக்கு மூடி போடாமல் போய்விடாதீர்கள் அக்கா! ஆள் இல்லாத வீட்டில் மூன்று வாளி தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசுவுக்குக் கல்யாண மண்டபம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதாரத் துறை ஆள் வந்து புழுவைப் பார்த்தால் 500 வெள்ளி அபராதம், 1975-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. மூடியில் திரி நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்கள். கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து மணல் கிடைத்தால் கொஞ்சம் தூவிவிடுங்கள். சட்டிக்கு அடியில் தட்டு வேண்டவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற தாதி

இன்சுலினை எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். சரக்கு அறையில் குளிர்ந்து உறைந்துவிடலாம், உறைந்ததை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது, தூக்கித்தான் போட வேண்டும். கைப்பையில் வையுங்கள், ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டாமல் துண்டில் சுற்றி. கிளினிக்கில் மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி இருப்பதால் கேட்பார்கள்.

திறக்காதது 2 முதல் 8 டிகிரி, அதாவது குளிர்பெட்டியின் நடுத்தட்டு. திறந்து போட்டுக்கொண்டிருப்பது 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக 4 வாரம் தாங்கும், பெட்டியில் உள்ள தாளையும் படித்துவிடுங்கள். மாசியில் திருச்சியில் பகல் 30-ஐத் தாண்டும். கிராமத்தில் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் தங்கினால் ஒரு மண்பானையில் மணலும் தண்ணீரும் விட்டு, உள்ளே சின்னச் சொம்பு வைத்து அதில் மருந்தை மூடி வையுங்கள்.

அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இரவு ஊசியை எப்போது போடுவது என்று இங்கே யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

விரலுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வார்டிலேயே பால் வெட்டினவர்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான். உளி பிடித்துப் பிடித்து, ஆசிட்டில் கைவைத்து வைத்து ரேகை தேய்ந்திருக்கும். பத்து விரலும் ஒரே மாதிரி தேயாது. அம்மா உளியை எந்தக் கையில் எப்படிப் பிடித்தார் என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பக்கம் படாத விரல் ஒன்றாவது நன்றாக இருக்கும். இரண்டு வாரம் இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கவுன்டருக்குப் போகுமுன் ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், வறண்ட விரலை எந்திரம் பார்ப்பதே இல்லை.

குண்டுமல்லி, சுங்கை சிப்புட்

கேட்டேன் அக்கா. அம்மா உளி பிடிப்பது போலவே காற்றில் பிடித்துக் காட்டினார். இடது கை மோதிர விரல் எதிலும் படவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், ரேகை சுழி சுழியாக அழகாக இருக்கிறது.

பழைய கிராணி

முசிறிப் பக்கம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள் அம்மா. மேல, கீழ என்று ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும். தாத்தா எந்த வருஷம் வந்தார்? கங்காணி மூலம் வந்திருந்தால் 1938-க்கு முன்னால்தான் இருக்க வேண்டும், அந்த வருஷம் இந்திய அரசாங்கம் கூலியாள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கப்பல் பெயரைவிடக் குலதெய்வத்தின் பெயர் உதவும். எந்தச் சாமிக்குக் கிடா வெட்டுவோம் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய மணியார்டர் துண்டு, ஊர்க் கடிதத்தின் உறை ஏதாவது தகரப் பெட்டியில் கிடக்கும், தபால் முத்திரையைப் பாருங்கள்.

திரும்பும்போது மல்லிகைப் பதியன், ஊர் மண் என்று மூட்டை கட்டாதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் செடியும் மண்ணும் இங்கே கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

குண்டுமல்லி, சுங்கை சிப்புட்

ஐயா, அம்மா ஹார்லிக்ஸ் போத்தலைக் கழுவிக் காய வைத்திருந்தார். இப்போதுதான் பார்த்தேன்.

குண்டுமல்லி, சுங்கை சிப்புட் (ஆறு வாரம் கழித்து)

வந்துவிட்டோம். உதவி செய்தவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

ரயிலில் கேஎல் சென்ட்ரல் வரை வந்து, அங்கிருந்து விமான நிலைய ரயிலில் போனோம். திருச்சியில் அதிகாரி அம்மாவின் வலது கையை வைக்கச் சொன்னார். படிக்கவில்லை. துணியால் துடைத்து வைத்தோம், அப்போதும் இல்லை. அம்மா தானாகவே இடது மோதிர விரலை நீட்டி, "இதை வை தம்பி, இது உளி தொடாத விரல்" என்றார். பச்சை விளக்கு. பெயரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குலதெய்வம் பெயரைச் சொன்னதும் முசிறி பஸ் நிலையத்தில் பழக்கடைக்காரரே எந்தப் பஸ் என்று சொல்லிவிட்டார். ஊரில் தாத்தா வீடு இல்லை, கோயில் இருக்கிறது. அம்மா வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போத்தலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதில் அத்தை முறுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

மல்லிகை: 9-இல் 7 பிழைத்தது. கடைசி வாளியில் அடியில் ஒரு சாண் தண்ணீர் அப்படியே இருந்தது, திரி மட்டும் காய்ந்து கிடந்தது. செங்கல் வைக்க மறந்தது அந்த ஒரு வாளிக்குத்தான், தோட்டக்கார ஐயாவிடம் திட்டு வாங்கத் தயார். மற்ற ஏழிலும் அரிசி அளவுக்கு மொட்டு வந்திருக்கிறது.

கோலகங்சார் தோட்டக்காரர்

திட்டு அப்புறம். அந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அடித்தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் தரையோடு வெட்டிவிட்டு நிழலில் வையுங்கள்.

குண்டுமல்லி, சுங்கை சிப்புட்

ஒன்றில் பச்சை இருக்கிறது ஐயா!