பால் பைத்தான் குட்டிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு இரை?

பெரம்பூர் புதுசு:
பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) குட்டி, எடை 92 கிராம். வாரம் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு சுண்டெலி என்று விற்றவர் சொன்னார். யூடியூபில் ஆளுக்கொரு கணக்கு. வைத்ததை எல்லாம் தின்கிறது. அளவு, இடைவெளி, சென்னை வெயிலுக்கென்று தனிக் கவனம் உண்டா? வளர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் பழசு:
வைத்ததை எல்லாம் தின்பது பசிக்கு அத்தாட்சி இல்லை தம்பி. அடுத்த இரை எப்போது என்று தெரியாமல் காட்டில் வாழ்ந்த இனம்; கிடைத்தபோது விழுங்கி வைப்பதுதான் அதன் பிழைப்பு. அதனால் பாம்பைக் கேட்காதீர்கள், தராசைக் கேளுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசும் மூடி போட்ட டப்பாவும் போதும். வாரம் ஒருமுறை, இரை கொடுப்பதற்கு முன்னால், நிறுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.

200 கிராம் ஆகும்வரை உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், ஏழு நாளைக்கு ஒருமுறை. 92 கிராமுக்கு 9 முதல் 14 கிராம் வரும். அதாவது ஒரே ஒரு பெரிய ஹாப்பர் (கண் திறந்த எலிக்குட்டி). விற்றவர் சொன்னபடி பத்து கிராம் எலி வாரத்துக்கு நாலு போனால் 40 கிராம். தேவையைப் போல மூன்று நாலு மடங்கு! சீக்கிரம் பெரிசாக்கி விற்பவர்களின் கணக்கு அது, வளர்ப்பவர்களின் கணக்கு இல்லை.

200 கிராம் தாண்டியதும் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. 500-க்கு மேல் 5 முதல் 7 சதவீதம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று இறக்கிவிடலாம். வளர்ந்த பாம்புக்கும் வாரா வாரம் கொடுத்தால் கொழுப்பு கட்டும். நல்ல பால் பைத்தானின் குறுக்குவெட்டு முனை மழுங்கிய முக்கோணம் மாதிரி இருக்கும். உருளைக்கட்டை போல ஆகி, சுருளும்போது பக்கவாட்டில் மடிப்பு விழுந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள்.

மடிப்பாக்கம் கார்ன்:
எலி அளவையும் சொல்லிவிடுகிறேன். ரோமமே இல்லாத செக்கச்சிவந்த குட்டி பிங்கி, 1 முதல் 3 கிராம். மெல்லிய ரோமம் வந்தது ஃபஸ்ஸி, 3 முதல் 7. கண் திறந்து துள்ள ஆரம்பித்தது ஹாப்பர், 7 முதல் 12. கடைக்குக் கடை இந்தப் பெயர்கள் மாறும், ஆகவே எலியையும் நிறுத்துப் பாருங்கள். தராசு இல்லாத அன்று கண்ணளவு: இரையின் அகலம் பாம்பின் பெருத்த இடத்தின் அகலம். விழுங்கியபின் லேசாகப் புடைத்தால் சரி. மூன்றாம் நாளும் புடைப்பு அப்படியே நின்றால் இரை பெரிசு.

கார்ன் ஸ்நேக் என்ற இன்னொரு வளர்ப்புப் பாம்பு வைத்திருப்பவர்கள் மேலே உள்ள கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். முட்டையிலிருந்து வந்த கார்ன் 6 முதல் 10 கிராம்தான் இருக்கும். அதற்கு ஒரு பிங்கி, 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை. 15 கிராம் தாண்டினால் இரண்டு பிங்கி, 30-க்கு மேல் ஃபஸ்ஸி, 50-க்கு மேல் ஹாப்பர். கடைசிவரை பிங்கியிலேயே ஓட்டாதீர்கள், அதில் எலும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது, சுண்ணாம்புச் சத்து குறைவு. கோழிக்கறித் துண்டும் இதே காரணத்தால் ஆகாது. முழு எலி கொடுத்தால் தனியாகக் கால்சியம் பவுடர் தூவ வேண்டியதில்லை.

ராயபுரம்:
பேரில் பால் இருக்கிறது என்று யாரும் கிண்ணத்தில் பால் ஊற்றிவிடாதீர்கள். சிரிக்காதீங்க, நடக்குது. பாம்புக்குப் பால் செரிக்காது. தண்ணீர் போதும், தினம் மாற்றுங்கள்.

வேளச்சேரி மேல்மாடி:
உறைந்த எலியை இளக்கும் முறையில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மறுநாள் மாலை ஜிப் பையில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீரில், சுமார் 40 டிகிரி, அரைமணி நேரம். வயிற்றை அழுத்திப் பாருங்கள், நடுவில் சில்லென்று கட்டி தட்டினால் இன்னும் ஆகவில்லை. கொதிநீரில் போட்டால் தோல் வெந்து வயிறு பிளக்கும். மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும், அப்புறம் வீட்டில் உங்களை வைக்க மாட்டார்கள்.

டிஷ்யூவில் துடைத்து, தலையை மட்டும் ஹேர் ட்ரையரில் கொஞ்சம் சூடாக்குங்கள். பால் பைத்தான் உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்து தாக்கும் ஜாதி. ஆறிப்போன எலியை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஒரு அடி நீள இடுக்கியில் பிடித்து, இருட்டியபின் மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். 15 நிமிடத்தில் எடுக்காவிட்டால் கூண்டிலேயே வைத்து விளக்கை அணைத்துவிடலாம். குளிர்தேசத்து வீடியோக்களில் விடியும்வரை விடச் சொல்வார்கள். நம்ம ஊரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டால் நாறும். எடுத்து எறியுங்கள், திரும்ப ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

ஃப்ரீசரில் மூடி போட்ட தனி டப்பா, முடிந்தால் தனிக் குட்டி ஃப்ரிட்ஜ். சால்மோனெல்லா கிருமி விஷயம் என்பதால் சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவ வேண்டாம். வத்தக்குழம்பு வைக்கும் வீட்டில் இந்த டப்பாவுக்கு இடம் வாங்குவது பாம்பு வளர்ப்பதைவிடக் கஷ்டம், அது வேறு கதை.

பெரம்பூர் புதுசு:
உயிரோடு கொடுத்தால் என்ன? எலிப்பொறியில் விழுவதைக் கொடுக்கலாமா?

கொளத்தூர் பழசு:
இரண்டும் வேண்டாம். உயிருள்ள எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறும், பாம்பு பசியில்லாமல் படுத்திருக்கும்போது உள்ளே விட்டுவிட்டுத் தூங்கினால் இன்னும் மோசம். பொறி எலியில் ஒட்டுண்ணி இருக்கும்; பக்கத்து வீட்டில் வைத்த எலி மருந்தைத் தின்றதா என்பது யாருக்குத் தெரியும்? சுவர்ப்பல்லியும் அப்படித்தான்.

அண்ணா நகர் ஏசி:
சென்னைக்கென்று தனியாகக் கேட்டீர்களே. பாம்பு செரிப்பது வெளிச் சூட்டால்தான். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. வெளியே வெயில் கொளுத்துகிறது என்று நாம் ஹீட் மேட்டை (கூண்டைச் சூடாக்கும் மின் விரிப்பு) அணைத்துவிடுவோம், ராத்திரி முழுக்க ஏசி 23-இல் ஓடும். இரை தின்ற பாம்பு அந்தக் குளிரில் கிடந்தால் எலி வயிற்றிலேயே அழுகும், மூன்றாம் நாள் கக்கும். ஏசி அறை என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) போட்ட ஹீட் மேட் வருடம் முழுக்க இருக்கட்டும். காற்று வறண்டுபோவதால் ஈரப்பதமும் 55-க்குக் கீழே இறங்காமல் பாருங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத வீடுகளில் கதையே தலைகீழ். குளிர்ந்த பக்கமே 34-ஐத் தாண்டினால் அன்று இரை வேண்டாம். முதலில் கூண்டை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றுங்கள்.

பள்ளிக்கரணை:
மழைக்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கமெல்லாம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் இரையைத் தள்ளிப்போடுங்கள், ஒரு வாரம் பட்டினியால் ஆரோக்கியமான குட்டிக்கு எதுவும் ஆகாது. தின்றபின் சூடு போவதுதான் ஆபத்து. சின்ன ஹீட் மேட் 15, 20 வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடலாம். ஃப்ரீசர் இளகிப்போனால் இருப்பு மொத்தமும் குப்பை. அதனால் அக்டோபரிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

மடிப்பாக்கம் கார்ன்:
கக்கிவிட்டால் பதறி மறுநாளே கொடுக்காதீர்கள். அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். 10 முதல் 14 நாள் தண்ணீர் மட்டும். காரணம் நாலில் ஒன்று: பெரிய இரை, குளிர், தின்றதும் கையில் எடுத்தது, நோய். அடுத்த இரை வழக்கத்தில் பாதி, அப்படியே மூன்று தடவை. மறுபடி கக்கினால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ பாம்பு பார்த்துப் பழகிய மருத்துவரிடமோ போங்கள், எடை எழுதிய நோட்டையும் எடுத்துப்போங்கள்.

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு. தின்றபின் 48 மணி நேரம் தொடவே வேண்டாம்.

ராயபுரம்:
தனி டப்பாவில் வைத்து ஊட்டினால்தான் கையைக் கடிக்காது என்கிறார்களே?

வேளச்சேரி மேல்மாடி:
எனக்கு அதில் உடன்பாடில்லை சார். வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கித் திரும்பக் கூண்டில் விடுவதுதான் கக்க வைக்கும். கூண்டிலேயே ஒரு தட்டு மேல் கொடுங்கள். கையை விடும் முன் கொக்கியால் உடம்பை லேசாகத் தொட்டால், இது சாப்பாட்டு நேரமில்லை என்று பழகிக்கொள்ளும்.

தி. நகர்:
ஒரு விஷயம். பால் பைத்தான் சைட்டிஸ் (CITES, காட்டுயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியல் இனம். 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம். சாரை, மண்ணுளி, நம்மூர் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. குட்டி கிடைத்தது, என்ன தீனி போட என்று கேட்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பெரம்பூர் புதுசு:
எல்லாருக்கும் நன்றி. இன்று பார்த்தால் கண் நீலம் பூத்த மாதிரி மங்கலாக இருக்கிறது, இரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டணுமா?

கொளத்தூர் பழசு:
கூடாது. தோல் உரிக்கப் போகிறது, அவ்வளவுதான். தினம் தினம் காட்டித் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். ஈரமான பாசி வைத்த ஒரு மறைவிடம் கொடுங்கள். உரித்து முடித்த மறுநாள் எடை போட்டு, பத்து கிராம் ஹாப்பர் ஒன்று. மறுபடி மறுத்தால் ஏழு நாள் கழித்துத்தான் அடுத்த முயற்சி. 92-இலிருந்து 83-க்கு இறங்கினால் மட்டும் டாக்டர்.