கேரோகீல் கற்குவைகள்: எடுத்துக் கட்டுவதா, அப்படியே விடுவதா?

மலைநாடோடி:
அயர்லாந்தில் ஸ்லைகோ பக்கம் கேரோகீல் குன்றுகளின் உச்சியில் ஐயாயிரம் வருஷத்துக் கற்குவைகள் இருக்கின்றன, எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தைய கல்லறைகள். பலதும் சரிந்து கிடக்கின்றன. வருகிறவர்கள் அதன் தலையில் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள், காலடியில் கற்கள் உருள்கின்றன. இதே மாதிரிப் பழங்காலக் கல்லறையான நியூகிரேஞ்சைத் திரும்ப எடுத்துக் கட்டியதுபோல இதையும் எடுத்துக் கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

கல்தச்சன்:
கூடவே கூடாது. நியூகிரேஞ்சில் பளபளக்கும் வெள்ளைச் சுவர் வெறும் ஊகம். 1962 முதல் 1975 வரை அங்கே தோண்டிய தொல்லியலாளர் ஓ'கெல்லி, வாசல் முன்னால் சிதறிக் கிடந்த வெள்ளைக் குவார்ட்ஸ் கற்களெல்லாம் சுவரிலிருந்து விழுந்தவை என்று முடிவுகட்டி, பின்னால் கான்கிரீட் கொடுத்துச் செங்குத்தாக நிறுத்திவிட்டார். பக்கத்திலேயே இன்னொரு கல்லறையான நவுத்தில் அதே மாதிரி குவார்ட்ஸ் கிடைத்தது, அங்கே தோண்டிய ஜார்ஜ் ஓகன் அதைத் தரையில்தான் பரப்பினார். இருவரில் யார் சரி? கான்கிரீட் போட்ட இடத்தில் இனி எதைச் சோதிப்பது?

மலைநாடோடி:
அதே ஓ'கெல்லிதான் வாசலுக்கு மேலிருந்த கூரைப்பெட்டியை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் திறப்பை, துப்புரவாக்கி, 1967 டிசம்பரில் சூரிய ஒளி உள்ளறைவரை போவதைக் கண்ணால் பார்த்தார். அதுவும் இல்லாமல், கேரோகீல் ஒன்றும் யாரும் தொடாத இடம் இல்லையே, 1911லேயே தொல்லியலாளர் மெக்காலிஸ்டரின் குழு திறந்துவிட்டது.

கல்தச்சன்:
நான் சொல்வதும் அதைத்தான். அவசர அவசரமாகத் திறந்தார்கள். அப்போது எடுத்த எலும்புகள் கேம்பிரிட்ஜில் இருந்ததால்தான், நியூகிரேஞ்சில் புதைக்கப்பட்ட ஒருவருக்கு இங்கே தூரத்துச் சொந்தம் இருந்ததை 2020ல் மரபணு காட்டியது. சரி, ஆனால் எந்த எலும்பு எந்த மூலையில், எதன் மேல் கிடந்தது என்று இன்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. ஒருமுறை கலைத்தால் கலைத்ததுதான்.

மழைக்குருவி:
இரண்டு பேரும் ஆட்களை விட்டுவிட்டீர்கள். இதே மாதிரிக் கல்லறைகள் உள்ள லாக்ரூவில் 'டி' என்ற எழுத்தால் குறிக்கப்படும் கற்குவையின் உள்ளறையைக் கட்டமைப்புப் பயத்தில் 2018ல் மூடினார்கள். ஸ்லைகோவின் நாக்னரே குன்றில் மேவ் ராணியின் கல்லறை என்று கதை சொல்லும் கற்குவியல் மேல் ஏறாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள், ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதலில் அதை நிறுத்துங்கள், சுவரெல்லாம் அப்புறம்.

மலைநாடோடி:
தடுப்பு போடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் கேரோகீலின் ஜி கற்குவைக்கும் வாசலுக்கு மேல் கூரைப்பெட்டி இருக்கிறது, ஜூன் மாத அந்தி வெயில் அதன் வழியாகத்தான் உள்ளே விழுகிறது. அந்தக் கற்கள் நகர்ந்தால் ஒளி வரும் வழியே போய்விடும். அதற்கு மட்டுமாவது முட்டுக் கொடுக்கலாமா, கூடாதா?

கல்தச்சன்:
முட்டு மட்டும் என்றால் சம்மதம். ஆனால் கழற்றினால் கழன்று வரவேண்டும், ஒரு கரண்டி சிமென்ட்கூட உள்ளே போகக் கூடாது.