கடைசி லெக்சருக்குக் கேக் வெட்டத்தான் வேண்டுமா?

உப்புவெளியான்: வெள்ளிக்கிழமை எங்களுக்கு இந்த செமஸ்டரின் கடைசி லெக்சர். படிப்பித்த சேருக்குக் கேக், பொன்னாடை, சுவர்க் கடிகாரம் என்று ஆளுக்கு 500 ரூபா கேட்கிறார்கள். மஹாபொலப் புலமைப்பரிசில் காசு இன்னும் விழவில்லை. கொடுக்காதவர்களின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். இது நன்றியா, தண்டலா?

மூதூர் அக்கா: பெயரைப் போட்டது பிழை, சரி. அதற்காகக் கேக்கே வேண்டாமா? மூதூரில் இருந்து விடியப் பஸ் ஏறுகிற எங்களுக்காக எட்டு மணி லெக்சரை ஒன்பதுக்குத் தள்ளியவர் அந்த சேர்.

உப்புவெளியான்: அதை வாயால் சொல்லலாமே அக்கா. சோதனைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பரிசு கொடுத்தால் வேறு மாதிரித் தெரியும்.

மூதூர் அக்கா: விடைத்தாளில் சுட்டெண் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது பரீட்சகரும் பார்ப்பார்.

உப்புவெளியான்: அசைன்மென்டில் பெயர் இருக்கிறதே?

பெர்லின் தம்பி: சொந்த ஊர் திருகோணமலை, படிப்பது ஜெர்மனியில். இங்கே லெக்சர் முடிந்ததும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், அதுதான் பாராட்டு. முதல் நாள் யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். செலவு பூச்சியம்.

மூதூர் அக்கா: எங்கள் மேசையைத் தட்டினால் கால் கழன்றுவிடும்.

பழைய கிண்ணியாக்காரன்: 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில், கடந்து வந்தவர்கள் நாங்கள். பாதை பிந்தினால் லெக்சர் போச்சு. காசு சேர்க்கிற பழக்கம் எங்கள் பேட்சில் இல்லை. கடைசி நாள் கொப்பி ஒற்றையில் ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தோம். ஒருவன், ‘பாடம் விளங்கவில்லை சேர், ஆனால் வந்துகொண்டே இருந்தேன்’ என்று எழுதியிருந்தான். சேர் அதைத்தான் சத்தமாக வாசித்துச் சிரித்தார்.

மேசைக்கு மறுபக்கம்: நான் படிப்பிக்கிறவன். வீட்டில் ஏழு சுவர்க் கடிகாரங்கள், ஏழும் ஏழு நேரம் காட்டுகின்றன. கேக் வெட்டும்போது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தொடர் மதிப்பீட்டுப் புள்ளி போட்டு முடிக்காத நேரத்தில் பொதியை வாங்கக் கை கூசும். பின்னூட்டப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஐந்தைச் சுற்றிவிட்டுப் போகிறீர்கள். எந்தப் பாடத்தில் குழம்பினீர்கள் என்று ஒரு வரி எழுதினால் அடுத்த பேட்சாவது தப்பும்.

உப்புவெளியான்: பார்த்தீர்களா அக்கா?

மூதூர் அக்கா: சந்தோஷம் என்றும் சொன்னாரே.

பேட்ச் ரெப்: பெயர்களை அழித்துவிட்டேன், மன்னிக்கவும். கடிகாரத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. கடைக்காரர் காசைத் திருப்பித் தர மாட்டாராம்.