ஒரே சோர்ஸ், மூன்று மெஷின்: பால் சொசைட்டி சாஃப்ட்வேரின் சிமேக் பில்டை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் உள்ள பால் சொசைட்டிகளில் ஓடுகிற ஒரு சர்வீஸ் புரோகிராம், சி++17-ல் எழுதினது. தராசிலிருந்து எடை, அனலைசரிலிருந்து கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பில்லாத திடப்பொருள்) எல்லாம் சீரியல் போர்ட் வழியா வரும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் பதிஞ்சு, மலையாளத்திலும் தமிழிலும் சீட்டு அடிக்கும். தெர்மல் பிரிண்டருக்கு நம்ம எழுத்து தெரியாதுங்கிறதால, ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் இரண்டையும் வெச்சு எழுத்தைப் படமாக்கி அனுப்பறோம்.

ஓட வேண்டிய இடம் மூணு: விண்டோஸ் 10 (விஷுவல் ஸ்டுடியோ 2022), டெவலப்பர் மெஷினில் உபுண்டு 22.04, சில சொசைட்டிகளில் டெபியன் 11 அடிப்படையிலான 64 பிட் ஓஎஸ் போட்ட ராஸ்பெரி பை 4. பில்ட் சிமேக்கில்தான் (சோர்ஸிலிருந்து புரோகிராமைக் கட்டற வேலையை ஒழுங்குபடுத்தற டூல்). இப்ப உள்ள சிக்கல்கள்:

விண்டோஸில் சிமேக் 4 போட்டதும் கான்ஃபிகர் கட்டத்திலேயே நின்னுடுது. சிமேக் 3.5-க்கு முந்தின இணக்கத்தை எடுத்துட்டோம்னு எர்ரர். நாங்க உள்ளே வெச்சிருக்கிற ஒரு பழைய சீரியல் லைப்ரரியின் முதல் வரியில் 2.8.12-ன்னு இருக்குதுங்க.

அதே விண்டோஸ் பில்டில் சீட்டில் எழுத்துக்குப் பதிலா வெறும் கேள்விக்குறி வருது. உபுண்டுவில் எழுத்து சரியா இருக்குது.

உபுண்டுவில் கிராஸ் கம்பைல் (வேற மெஷினுக்கான புரோகிராமை இங்கேயே கட்டறது) பண்ணி பையில் போட்டா "ஜிலிப்சி 2.34 காணோம்"னு (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி அது) சொல்லி ஸ்டார்ட்டே ஆகறதில்லை.

புதுசா ஒரு சோர்ஸ் ஃபைல் சேர்த்து கிட்டில் ஏத்தினா, அடுத்தவர் மெஷினில் லிங்க் ஆகும்போது "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்". பில்ட் ஃபோல்டரை அழிச்சுட்டுப் பண்ணினா சரியாகுது.

இதெல்லாம் போக, மெயின் ஃபைல் முழுக்க "விண்டோஸ்னா இது, பைன்னா அது"ன்னு இஃப் கட்டளையும் டி டிரைவ் பாதையும்தான். மழைக்காலத்தில் நெட் போச்சுன்னா லைப்ரரி இறங்காம பில்டும் நின்னுடுது. எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

பதில் 1: வாளையார்

கடைசியில் சொன்ன இஃப் கூட்டத்தை முதலில் பிரித்தெடுங்கள். மற்ற சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப முளைப்பது அங்கிருந்துதான். சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைலில் இருக்க வேண்டியது புரோகிராமைப் பற்றிய செய்தி மட்டும்: எந்த டார்கெட், அதற்கு எந்த சோர்ஸ், எந்த லைப்ரரி. எந்தக் கம்பைலர், எந்த டிரைவ், டீபக்கா ரிலீஸா என்பதெல்லாம் மெஷினைப் பற்றிய செய்தி. அவற்றின் இடம் பிரீசெட் ஃபைலும் (பில்ட் அமைப்புகளைப் பெயரிட்டு வைப்பது) டூல்செயின் ஃபைலும் (எந்தக் கம்பைலர், எந்த மெஷினுக்கு என்பது).

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன். ஃபைலில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

பிரீசெட் வசதி சிமேக் 3.19-ல் வந்தது. பில்ட் பிரீசெட் 3.20-ல். எந்த ஓஎஸ்ஸில் எந்தப் பிரீசெட் தெரிய வேண்டும் என்று நிபந்தனை போட ஸ்கீமா 3 வேண்டும், அது 3.21. உபுண்டு 22.04-ல் இருப்பது 3.22 என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. மெயின் ஃபைலின் முதல் வரியில் குறைந்தபட்ச வெர்ஷனை 3.21...3.31 என்று மூன்று புள்ளி வைத்து வீச்சாக எழுதுங்கள். 3.21-க்குக் குறைந்தால் எர்ரர் தரும், புதிய சிமேக்கில் 3.31 வரைக்குமான பாலிசிகள் (பழைய நடத்தையா புதியதா என்று தீர்மானிக்கும் விதிகள்) புதிய நடத்தைக்கு மாறும். பொதுவான பிரீசெட் ஃபைல் கிட்டில் இருக்கட்டும். அவரவர் டிரைவ் பாதை யூசர் பிரீசெட் ஃபைலில் போகட்டும், அதை கிட் இக்னோரில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு வேறுபாடு பலருக்கும் நழுவுகிறது. விஷுவல் ஸ்டுடியோ ஜெனரேட்டர் ஒரே ஃபோல்டரில் டீபக், ரிலீஸ் இரண்டையும் வைத்திருக்கும். அங்கே "சிமேக் பில்ட் டைப்" மாறிக்கு எந்த விளைவும் இல்லை. பில்ட் பண்ணும்போதுதான் கான்ஃபிக் ரிலீஸ் என்று சொல்ல வேண்டும் (பில்ட் பிரீசெட்டில் கான்ஃபிகரேஷன் என்ற இடம்). நிஞ்சா, மேக்ஃபைல் ஜெனரேட்டர்களில் நேர் எதிர்: கான்ஃபிகர் கட்டத்தில் பில்ட் டைப் தரவில்லை என்றால் அது காலியாகவே இருக்கும், ஆப்டிமைசேஷன் ஃபிளாக் ஒன்றும் சேராது. பையில் சீட்டுப் படம் உருவாக நேரம் எடுக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கேள்விக்குறி விஷயம். அந்த சோர்ஸ் ஃபைல் பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 என்று காட்டும் குறி) உடன் சேவ் ஆகியிருக்க வேண்டும். பிஓஎம் இருப்பதால் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஃபைலை யூடிஎஃப்-8 என்று சரியாகவே படிக்கிறது. ஆனால் ஸ்ட்ரிங்கை எக்ஸிகியூட்டபிளில் எழுதும்போது மெஷினின் கோட் பேஜுக்கு, பெரும்பாலும் 1252-க்கு, மாற்றுகிறது. அதில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. அதனால்தான் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி. பில்ட் லாகில் சி4566 வார்னிங் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தீர்வு "/யூடிஎஃப்-8" ஆப்ஷன். படிப்பது, எழுதுவது இரண்டையும் அது யூடிஎஃப்-8 ஆக்கிவிடும். அதை "டார்கெட் கம்பைல் ஆப்ஷன்ஸ்" வழியாக, கம்பைலர் ஐடி எம்எஸ்விசி என்றால் மட்டும் சேரும்படி ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷனில் வையுங்கள். சி++20-க்குப் போகும் எண்ணம் இருந்தால் யு8 முன்னொட்டு போட்ட ஸ்ட்ரிங்குகளின் டைப் அங்கே மாறிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். /யூடிஎஃப்-8 இருக்கும்போது அந்த முன்னொட்டே தேவையில்லை.

புது ஃபைல் காணாமல் போவது "ஃபைல் குளோப்" (ஃபோல்டரில் உள்ள சோர்ஸ்களைத் தானாகப் பட்டியலிடும் கட்டளை) போட்டதால். குளோப் ஓடுவது கான்ஃபிகர் கட்டத்தில் மட்டும். கிட்டிலிருந்து புது ஃபைல் இறங்கினாலும் சிமேக்லிஸ்ட்ஸ் மாறவில்லையே, திரும்ப கான்ஃபிகர் பண்ண அதற்குக் காரணம் இல்லை. "கான்ஃபிகர் டிபெண்ட்ஸ்" சேர்த்தால் ஒவ்வொரு பில்டிலும் சோதிக்கும், ஆனால் எல்லா ஜெனரேட்டரிலும் அது நம்பகமாக வேலை செய்யும் என்று சிமேக் ஆவணமே உறுதி தரவில்லை. ஃபைல் பெயர்களைக் கையால் "டார்கெட் சோர்சஸ்" கட்டளையில் எழுதுங்கள். ஒரு ஃபைல் சேர்ந்தது, போனது எல்லாம் கிட் டிஃபில் கண்ணுக்குத் தெரியும்.

பதில் 2: நகரி

வாளையார் அண்ணன் சொன்னதோடு பையையும் பழைய லைப்ரரியையும் நான் சேர்க்கிறேன்.

ஜிலிப்சி எப்போதும் ஒரு திசையில்தான் இணங்கும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. உபுண்டு 22.04-ல் இருப்பது 2.35, டெபியன் 11-ல் 2.31. குறிப்பாக 2.34-ல் பித்ரெட் லைப்ரரியை முதன்மை சி லைப்ரரிக்குள்ளேயே இணைத்துவிட்டார்கள். அதனால் த்ரெட் தொடுகிற எந்தப் புரோகிராமும் 2.34-ஐக் கேட்கும். இதைத் தாண்டினாலும் அடுத்து சி++ லைப்ரரி நிற்கும்: உபுண்டுவின் ஜிசிசி 11 கேட்பது ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.29, டெபியன் 11-ன் ஜிசிசி 10 தருவது 3.4.28 வரைதான்.

பையிலிருந்து சிஸ்ரூட்டை (அதன் ஹெட்டர், லைப்ரரி ஃபோல்டர்களை) காப்பி எடுத்து உபுண்டு கம்பைலரிடம் காட்டச் சொல்லும் வழிமுறைகள் நிறையக் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உபுண்டுவின் கிராஸ் கம்பைலர் தன்னுடைய சொந்த லைப்ரரிகளைக் கூடவே கொண்டுவருகிறது. ஹெட்டர் ஒரு வெர்ஷன், லிங்க் ஒரு வெர்ஷன் என்று கலந்துவிட்டால் எர்ரர் எங்கே கிளம்புகிறது என்று பிடிப்பது கஷ்டம். அதைவிட டெபியன் 11 டாக்கர் கன்டெய்னருக்குள் பில்ட் பண்ணுங்கள். ஆர்ம்64 ஆர்கிடெக்சரை டிபேக்கேஜில் சேர்த்து, கிராஸ்பில்ட் எசென்ஷியல் ஆர்ம்64 பேக்கேஜைப் போடுங்கள். எஸ்க்யூலைட், ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் மூன்றின் டெவ் பேக்கேஜையும் ஆர்ம்64 வகையில் மட்டும் போடுங்கள். சாதாரண எக்ஸ்86 டெவ் பேக்கேஜ் உள்ளே இல்லாவிட்டால் சிமேக் அதைத் தவறி எடுக்க வழியே இல்லை.

அங்கே இரண்டு கண்ணிகள். டெபியன் 11-ல் வரும் சிமேக் 3.18, அதற்குப் பிரீசெட் தெரியாது. கன்டெய்னருக்குள் பிப் மூலம் 3.28 போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஹார்ஃப்பஸை பேக்கேஜ் கான்ஃபிக் வழியாகத் தேடுகிறீர்கள் என்றால் "பிகேஜி கான்ஃபிக் லிப்டிர்" சூழல் மாறியை ஆர்ம்64 பாதைக்குத் திருப்ப வேண்டும். பிரீசெட்டின் என்விரான்மென்ட் பகுதியிலேயே அதை எழுதலாம்.

டூல்செயின் ஃபைலில் நான்கு வரி போதும்: சிஸ்டம் நேம் லினக்ஸ், புராசசர் ஏஆர்ச்64, சி கம்பைலர், சி++ கம்பைலர். இதை மாற்றினால் பழைய பில்ட் ஃபோல்டரைக் கட்டாயம் அழியுங்கள். கம்பைலர் விவரம் முதல் கான்ஃபிகரிலேயே கேஷில் உறைந்துவிடுகிறது. 3.24 முதல் "--ஃப்ரெஷ்" போட்டாலும் அதே பலன், உபுண்டுவின் 3.22-ல் அது இல்லை.

பில்ட் முடிந்ததும் ஆப்ஜ்டம்ப் கட்டளையைப் பெரிய டி (-T) ஆப்ஷனுடன் ஓட்டி, ஜிலிப்சி என்று கிரெப் பண்ணுங்கள். 2.31-க்கு மேல் ஒரு வரிகூட வரக்கூடாது. இதை சிஐ-யிலேயே (தானாக ஓடும் பில்ட் சோதனை) ஒரு படியாக வைத்தால் சொசைட்டி வரைக்கும் போய்த் தெரிய வேண்டியதில்லை. டெபியன் 11-க்கு நீள்கால ஆதரவு 2026 ஆகஸ்டு வரைதான் என்பதால் பைகளை 12-க்கு ஏற்றவும் திட்டமிடுங்கள். அங்கே ஜிலிப்சி 2.36. எல்லாப் பைகளும் ஏறி முடிகிற வரை கன்டெய்னர் 11-லேயே இருக்கட்டும். எங்காவது பழைய பை ஜீரோ இருந்தால் அது ஆர்ம்வி6. டெபியன், உபுண்டுவின் 32 பிட் கிராஸ் கம்பைலர் ஆர்ம்வி7-க்குக் கோட் எழுதுவதால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று விழும். அதை இந்தப் பில்டில் சேர்க்காதீர்கள்.

சிமேக் 4 எர்ரருக்கு "சிமேக் பாலிசி வெர்ஷன் மினிமம்" மாறியை 3.5 என்று கொடுத்தால் இப்போதைக்கு வண்டி ஓடும். அவசரத்துக்கு சரி. ஆனால் அது நீங்கள் சேர்த்திருக்கும் எல்லா லைப்ரரிக்கும் பொருந்தும், எது பழையது என்பதை மறைத்துவிடும். லைப்ரரி உங்கள் சோர்ஸுக்குள்ளேயே இருப்பதால் அதன் முதல் வரியை 3.10...3.31 என்று திருத்தி, அந்தத் திருத்தத்தைத் தனி கமிட்டாக வையுங்கள். பாலிசி வார்னிங் ஏதாவது வந்தால் படித்துவிட்டுக் கடந்து போங்கள், வாயை அடைக்காதீர்கள்.

நெட் இல்லாத நாளுக்கு: விண்டோஸில் விசிபிகேஜியை (சி++ லைப்ரரி மேனேஜர்) மேனிஃபெஸ்ட் முறையில் (தேவையான லைப்ரரிகளை ஃபைலில் எழுதி) வைத்து, பேஸ்லைன் கமிட்டைப் பதிந்துவிட்டால் எல்லா மெஷினிலும் ஒரே வெர்ஷன் வரும். ஒரு முறை கட்டியது லோக்கல் ஆப்டேட்டாவில் ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டரில் சேரும். அந்த ஃபோல்டரை ஆபீஸ் நெட்வொர்க்கில் பகிர்ந்து பைனரி கேஷாகக் காட்டினால், கம்பைலரும் வெர்ஷனும் மாறாத வரை திரும்பக் கட்ட வேண்டியதில்லை. ஃபெட்ச் கன்டென்ட் (லைப்ரரி சோர்ஸை இறக்கும் சிமேக் வசதி) பயன்படுத்தும் இடத்தில் கிட் டேக் என்பதில் கிளைப் பெயரை எழுதாமல் முழு கமிட் ஹேஷ் எழுதுங்கள். ஒரு தரம் இறங்கிய பிறகு "ஃபெட்ச் கன்டென்ட் ஃபுல்லி டிஸ்கனெக்டட்" ஆன் பண்ணினால் நெட்டைத் தொடவே தொடாது. காலி பில்ட் ஃபோல்டரில் மட்டும் அதை ஆன் பண்ணாதீர்கள், எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். பை ஓடுது, ஆப்ஜ்டம்பில் 2.31-க்கு மேல எதுவும் இல்லீங்க. சீட்டில் தமிழும் மலையாளமும் சரியா வருது.

சொசைட்டி கம்ப்யூட்டரில் விஷுவல் சி++ ரன்டைம் தனியா போட வேண்டாம்னு, விசிபிகேஜியில் எக்ஸ்64 விண்டோஸ் ஸ்டாடிக் டிரிப்லெட்டுக்கு (எந்த மெஷின், எந்த வகை லைப்ரரின்னு சொல்ற அமைப்பு) மாத்தினோம். இப்ப லிங்க்கில் எல்என்கே2038, ரன்டைம் லைப்ரரி பொருந்தலைங்குது. மெயின் புரோகிராமுக்கு மாத்தின பிறகும் சீரியல் லைப்ரரியில் மட்டும் நிக்குதுங்க.

பதில் 3: தென்மலை

அந்த டிரிப்லெட் லைப்ரரிகளை /எம்டி (MT) வகையில், அதாவது ரன்டைமை உள்ளேயே சேர்த்துக் கட்டுகிறது. உங்கள் கோடு இயல்பில் இன்னொரு /எம்டி (MD), அதாவது ரன்டைமை டிஎல்எல்லாகத் தனியே வைக்கும் வகை. ஒரே எக்ஸிகியூட்டபிளில் இரண்டும் கலக்கக் கூடாது என்பதால்தான் லிங்கர் மறுக்கிறது. எர்ரர் வரியில் "எம்டி ஸ்டாடிக் ரிலீஸ்", "எம்டி டைனமிக் ரிலீஸ்" என்று இரண்டு மதிப்பும் எந்த ஆப்ஜெக்ட் ஃபைல் என்பதும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

"சிமேக் எம்எஸ்விசி ரன்டைம் லைப்ரரி" மாறியை மெயின் டார்கெட்டுக்கு மட்டும் பிராபர்ட்டியாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டு, விண்டோஸ் பிரீசெட்டின் கேஷ் வேரியபிள்ஸில் எழுதுங்கள். டார்கெட்டுகள் உருவாகும் முன்பே மதிப்பு இருக்கும், சப் டைரக்டரிகளுக்கும் போய்ச்சேரும். டீபக் பில்டுக்கு டீபக் ரன்டைம் வர ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் வேண்டும், மல்டித்ரெடட் என்று மட்டும் எழுதினால் டீபக்கில் இதே எர்ரர் திரும்ப வரும். இந்த மாறி 3.15-ல் வந்தது. மெயின் ஃபைலின் முதல் வரி அதற்குக் கீழே இருந்தால் சிமேக் இதைக் கண்டுகொள்ளாது. நீங்கள் 3.21 ஆக்கியிருந்தால் சரி.

அதன் பிறகும் சீரியல் லைப்ரரி நின்றால் அதன் சிமேக்லிஸ்ட்ஸுக்குள் /MT, /MD என்று பெரிய எழுத்தில் தேடுங்கள். 3.15-க்கு முன் எழுதிய ஃபைல்களில் சி++ ஃபிளாக்ஸ் ஸ்ட்ரிங்கில் கையால் ஒட்டுவது அல்லது ஸ்ட்ரிங் ரீப்ளேஸ் பண்ணுவது வழக்கம். அந்த வரிகளை நீக்கி, ஏற்கெனவே வைத்திருக்கும் திருத்த கமிட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒன்று: விசிபிகேஜி டிரிப்லெட்டை மாற்றியபின் பழைய பில்ட் ஃபோல்டரில் தொடர்ந்தால் பழைய லைப்ரரிப் பாதைகள் கேஷில் அப்படியே இருக்கும். ஃபோல்டரை அழித்துவிட்டு கான்ஃபிகர் பண்ணுங்கள். பில்ட் ஃபோல்டரை டிரைவின் வேருக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. ஹார்ஃப்பஸ் போன்றவை உள்ளே ஆழமாகக் கட்டும்போது விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பில் முட்டும், அப்போது வரும் எர்ரர் "ஃபைல் இல்லை" என்று வேறு திசையைக் காட்டும்.