அண்டர்டேக்கரோடு மல்யுத்தம் முடிந்துவிட்டதா?

பிரானூர்காரன்:

அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியான டபிள்யூடபிள்யூஇ இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததிலிருந்து (2025 ஏப்ரல்) என் அக்கா மகன் ஒரு வாரம் விடுவதில்லை. நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். சவ அடக்கக்காரர் வேஷத்தில் வந்த அண்டர்டேக்கர் தொப்பியைக் கழற்றி ஓய்வு பெற்ற அன்றே இதற்குப் பால் ஊற்றியாகிவிட்டது.

இப்போது வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே தாடி, ஒரே டாட்டூ, ஒரே கறுப்பு டவுசர். மைக்கைப் பிடித்தால் கீழே வைப்பதில்லை. அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டால்தான் யாருக்கும் யாருக்கும் என்ன தகராறு என்றே தெரிகிறது. 93, 94 வாக்கில் செங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் கேபிள். பிள்ளைகள் வாசல்வரை உட்கார்ந்திருப்போம். கமெண்ட்ரியில் ஒரு வார்த்தை புரியாது, புரியவேண்டிய தேவையும் இல்லை. நீலச் சட்டையும் லத்தியுமாக வந்தால் ஜெயில் வார்டன் பிக் பாஸ் மேன். டையும் பெட்டியுமாக வந்தால் வருமானவரிக்காரர் ஐஆர்எஸ். விளக்கெல்லாம் அணைந்து மணி ஒன்று விழுந்தால், முன்னால் அண்டர்டேக்கரின் மேனேஜர் பால் பேரர் அஸ்திக் கலசத்தைத் தூக்கிக்கொண்டு வருவார், பின்னால் அவர். கண்ணை மேலே செருகிக்கொண்டு நிற்பார் பாருங்கள், அந்த நேரம் மட்டும் எங்கள் ஆச்சி சேனலை மாற்றச் சொல்லும்.

1990இல் சர்வைவர் சீரிஸ் என்கிற வருடாந்தர நிகழ்ச்சியில் வந்தார், 2020 சர்வைவர் சீரிஸில் விடைபெற்றார். 30 வருஷம் ஒரே வேஷம். இன்று அப்படி ஒரு ஆளைக் காட்டுங்கள், பார்ப்போம்.

புனலூர் தம்பி:

அண்ணாச்சி, முதலில் கணக்கைச் சரி செய்வோம். 2000இல் தொப்பியையும் நீளக் கோட்டையும் விட்டுவிட்டுத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர் யார்? 2004இல், வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில்தான் பழைய வேஷத்துக்குத் திரும்பினார். ஒரே வேஷம் என்று அவரே சொல்லமாட்டார்.

அப்புறம், ஆளைக் காட்டச் சொன்னீர்கள். பிரே வயட். 2019 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஃபீண்ட் என்கிற பேய் முகமூடியோடு முதல் சண்டைக்கு வந்தபோது கையில் ஒரு லாந்தர் இருந்தது. அந்த லாந்தர் அவருடைய தலையேதான், வெட்டி எடுத்த மாதிரி, வாய்க்குள்ளிருந்து வெளிச்சம். அதைப் பார்க்கவும் இங்கிலீஷ் வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன்: நீங்கள் கொண்டாடுகிற ஐஆர்எஸ், அதாவது மைக் ரோட்டுண்டா, அவர் பெற்ற பிள்ளைதான் இந்த பிரே வயட். அப்பன் வேஷம் ஞாபகம் இருக்கிறது, மகன் வேஷத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. பார்க்காமல் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினால் எப்படி?

பிரானூர்காரன்:

பார்த்தேன் தம்பி. அதனால்தான் எரிகிறது. அப்படிப்பட்ட கலைஞனை 2021 ஜூலையில் வேலையை விட்டு அனுப்பினார்கள். 2022 அக்டோபரில் திரும்பக் கூப்பிட்டார்கள், 2023 ஆகஸ்டில் 36 வயதில் போய்விட்டார், பாவம். ஒரு வேஷத்தை வளர விட்டு, சோறு போட்டு, காத்திருக்கிற பொறுமை இவர்களுக்கு இல்லை என்றுதானே நானும் சொல்கிறேன்? நீங்கள் என் பக்கத்துக்கு சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

கடையநல்லூர் சீட்டுராஜா:

சண்டைக்கு நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ட்ரம்ப் கார்டு பற்றி யாரும் பேசவில்லையே! பெட்டிக்கடையில் வாங்கிய சீட்டுக்கட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறி முனையெல்லாம் மழுங்கி, கலைத்துப் போடும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரேங்க், உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ். யோக்கோசூனா கையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘எடை’ என்று சொல்லலாம். ஜயண்ட் கொன்ஸாலஸ் வந்தால் ‘உயரம்’. மதியம் கணக்கு வகுப்பில் டெஸ்குக்கு அடியில் ஆடி மாட்டிக்கொண்டு அடி வாங்கியதும் உண்டு.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது அன்று ஊர் முழுக்கத் தெரிந்த உண்மை. 1994 ராயல் ரம்பிளில் யோக்கோசூனாவும் கூட்டாளிகளும் அவரைச் சவப்பெட்டியில் போட்டு மூடினார்கள். பெட்டியிலிருந்து புகை வந்தது, ஆள் மேலே போகிற மாதிரி காட்டினார்கள். ஒரு உயிர் போச்சு, மீதி ஆறு என்று நாங்கள் சமாதானம் ஆனோம். முதுகு வலிக்காக ஓய்வு எடுத்தார் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அதே வருஷம் சம்மர்ஸ்லாமில் ரெண்டு அண்டர்டேக்கர் மோதினார்கள். போலி ஆள் பெயர் பிரையன் லீ. 1996இல் வந்த ஒரு இந்திப் படத்தில் அக்ஷய் குமாரோடு மோதியதும் இந்தப் பிரையன் லீதான். ‘நம்ம அக்ஷய் குமார் அண்டர்டேக்கரையே தூக்கிட்டான்லே’ என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் மார்தட்டினார்கள் தெரியுமா!

இப்போது அப்படி ஒரு வதந்தி ஒரு மணி நேரம் நிற்குமா? போனைத் திறந்தால் அந்த மல்யுத்த வீரர் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்பதுவரை தெரிகிறது.

புனலூர் தம்பி:

சீட்டுராஜா அண்ணே, உங்கள் சீட்டுக்கட்டில் ‘இறந்த வயது’ என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் ஆட்டம் எப்படிப் போயிருக்கும்? யோக்கோசூனா 34. பிரிட்டிஷ் புல்டாக் 39. ரிக் ரூட் 40. அண்ணாச்சியின் ஜெயில் வார்டன் பிக் பாஸ் மேன் 41. மிஸ்டர் பெர்ஃபெக்ட் கர்ட் ஹென்னிங் 44. ஓவன் ஹார்ட் 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில் மேலேயிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்தே போனார், அவருக்கும் 34. அன்று ஆட்டத்தை நிறுத்தக்கூட இல்லை, தொடர்ந்து நடத்தினார்கள்.

1998இல் மேன்கைண்ட் என்கிற வீரரைக் கூண்டு உச்சியிலிருந்து, ஏறக்குறைய 16 அடி உயரத்திலிருந்து, மேஜைமேல் எறிந்தாரே உங்கள் அண்டர்டேக்கர். அதை நானும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் பல் உடைந்து, ரத்த வாயோடு சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ‘இதுதாண்டா சண்டை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2007இல் மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வா வீட்டில் நடந்தது தெரியும்தானே? மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். மூளையைப் பரிசோதித்தபோது கடுமையான சேதம் தெரிந்தது. தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010இல்தான் நிறுத்தினார்கள். இன்றைய ஆட்டம் உங்களுக்குச் சப்பென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு இந்தச் சப்பே போதும்.

பண்பொழிக்காரி:

அண்ணன்மாரோடு உட்கார்ந்து நானும் பார்த்தவள்தான். ‘எங்கள் காலம்’ என்று சொல்லும்போது யாருடைய காலம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2001 மார்ச்சில் கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மஹோன், வீராங்கனை டிரிஷ் ஸ்டிராட்டஸை வளையத்துக்குள் மண்டியிட வைத்து நாய் மாதிரி குரைக்கச் சொன்னார். அது கதையாம். அம்மா எழுந்து வந்து டிவியை அணைத்தாள், அதோடு எனக்கு மட்டும் தடை. அண்ணன்மார் தொடர்ந்து பார்த்தார்கள்.

2019இல் ரெஸில்மேனியாவின் கடைசிச் சண்டையே பெக்கி லின்ச், ஷார்லட், ரோண்டா ரௌஸி மூவருடையது. பெண்கள் சண்டை அந்த இடத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. என் மகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன், யாரும் டிவியை அணைக்கவில்லை. பழைய காலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் இதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போவீர்கள்.

பிரானூர்காரன்:

தங்கச்சி சொன்னதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. தம்பி சொன்ன சாவுக் கணக்கும் நெஞ்சை அறுக்கிறது. ஆனால் நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. கம்பெனி நல்லதா கெட்டதா என்று நான் திரி தொடங்கவில்லை. ஒரு ஆள் நடந்து வருகிற விதத்திலேயே, ஒரு துணியிலேயே, அவன் கதை எட்டு வயசுப் பிள்ளைக்குப் புரிந்ததே, அந்தக் கலை எங்கே போனது? மண்டையில் அடிக்காமலும் அதைச் செய்யலாமே. பெண்ணைக் குரைக்க வைக்காமலும் செய்யலாமே. கதையில் அண்டர்டேக்கரின் தம்பியான கேன் 1997இல் கூண்டுக் கதவைப் பிய்த்துக்கொண்டு வந்து, அண்ணன் எதிரே நின்று கையைத் தூக்கி இறக்கியதும் நாலு மூலையிலும் நெருப்பு எழுந்தது. யார் தலையும் உடையவில்லை. இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது.

ஆரியங்காவு சார்:

எங்கள் அப்பா, பழைய குஸ்திக்காரர்கள் தாராசிங், கிங்காங் காலத்து ஆள். நான் உங்கள் அண்டர்டேக்கரைப் பார்த்தால் ‘இது குஸ்தியா, கூத்தா’ என்று எழுந்து வெளியே போய்விடுவார். கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். கிங்காங் என்பதே ஒரு வேஷம்தானே என்று நான் சொன்னால் ஏற்கமாட்டார். 1968இல் பம்பாயில் தாராசிங் அமெரிக்க வீரர் லூ தெஸை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆன கதையைச் சொல்லும்போது குரல் தானாக உயரும். அதுவும் முன்கூட்டியே பேசிவைத்த குஸ்தியாக இருக்கலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கொஞ்ச நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

அமெரிக்காவில் வின்ஸின் கம்பெனியே 1989இல் நியூஜெர்சி சட்டமன்றத்தில் இது போட்டி இல்லை, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்கத்தான். ஆக, செங்கோட்டைக்குக் கேபிள் வருவதற்கு முன்பே குட்டு உடைந்துவிட்டது. உங்களுக்குச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கொடுத்துவைத்தவர்கள்.

புனலூர் தம்பி:

சார் சொன்னது சரி. அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி மட்டும். 2019 ஜூன், சவூதியின் ஜெட்டாவில் அண்டர்டேக்கரும் கோல்ட்பர்க்கும் மோதிய சண்டை. வயது கோல்ட்பர்க்குக்கு 52, அண்டர்டேக்கருக்கு 54. கோல்ட்பர்க் தலையை மோதி ரத்தம் வழிய நின்றார். ஜாக்ஹேமர் என்கிற பிடி போடத் தூக்கியவரால் தாங்க முடியவில்லை, அண்டர்டேக்கர் கழுத்து மடங்கி விழப் பார்த்தார். முடிந்தபிறகு அவர் முகத்தைப் பார்த்தீர்களா? பழைய ஆளே வேண்டும் என்று நாம் காசு கொடுக்கிறவரை பழைய ஆளைத்தான் இழுத்து வருவார்கள். 2014இல் பிராக் லெஸ்னர், ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரின் தோல்வியே இல்லாத 21-0 கணக்கை உடைத்தாரே, அன்றோடு அவரை வீட்டுக்குப் போகவிட்டிருக்க வேண்டும்.

பிரானூர்காரன்:

ஜெட்டா சண்டையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன், இன்றுவரை மீதியைப் பார்க்கவில்லை. அதில் உங்கள் கட்சிதான் நானும். ஆனால் லெஸ்னர் ஜெயித்ததைச் சரி என்று யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன். அந்த வெற்றியை ஒரு இளம் ஆளுக்குக் கொடுத்திருந்தால் இருபது வருஷத்துக்கு ஒரு புது நட்சத்திரம் கிடைத்திருக்கும். பகுதி நேரத்துக்கு வந்துபோகிற ஆளுக்குக் கொடுத்து வீணடித்தார்கள்.

புனலூர் தம்பி:

யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும்? ரோமன் ரெயின்ஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பிரானூர்காரன்:

மறு வருஷம் 2015இல் எதிரே வந்து நின்றானே, உங்கள் பிரே வயட். அவனுக்கு.

கடையநல்லூர் சீட்டுராஜா:

இதற்குத் தனித்திரி போடுங்கள் அண்ணாச்சி. நான் முதல் ஆளாக வந்து எதிர்க்கிறேன்.